கணக்கு யாருக்காக? பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கியல் கொள்கைகளின் வரலாறு

முன்னுரை

சென்னை சென்ட்ரலில் இருந்து அரக்கோணம் செல்லும் மின்சார ரயில் திருவள்ளூரைத் தாண்டிச் சிறிது நேரத்தில் கடம்பத்தூரில் நிற்கும். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் சென்ற தடம் இது. கடம்பத்தூரை ஒட்டிய அதிகத்தூரில் ஒரு கார் தொழிற்சாலை இருக்கிறது. 1998இல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கேதான் மிட்சுபிஷி லான்சர் கார்களைத் தயாரிக்கத் தொடங்கியது. பின்னர் அந்த ஆலை அதே சி.கே. பிர்லா குழுமத்தைச் சேர்ந்த இன்னொரு நிறுவனத்தின் கைக்கு மாறியது. சில காலம் இசுசு வண்டிகள் இங்கே உருவாயின. 2021 முதல் பிரான்ஸ் நாட்டு சிட்ரோயன் கார்கள் வெளிவருகின்றன.

சுவர் ஒன்றுதான், நிலம் ஒன்றுதான். ஆனால் கதவுக்கு மேல் எழுதியிருக்கும் பெயர் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. இப்படிப்பட்ட ஓர் ஆலைக்கு உதிரிபாகம் கடனுக்குக் கொடுக்கும் சிறு பட்டறைக்காரர், பணம் கொடுக்கும் வங்கி, எங்கோ மதுரையில் உட்கார்ந்து 100 பங்கு வாங்கியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஆகிய மூவருமே ஆலைக்குள் நுழைந்து பார்க்க முடியாதவர்கள். உள்ளே என்ன நடக்கிறது என்பதை அவர்களுக்குச் சொல்லும் ஒரே ஜன்னல் நிறுவனம் வெளியிடும் ஆண்டுக் கணக்குதான்.

அந்த ஜன்னலின் கண்ணாடி எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் விதிகளின் தொகுப்பே 'பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கியல் கொள்கைகள்' ஆகும். வணிகவியல் படிக்கும் மாணவர்கள் இதைப் பெரும்பாலும் ஒரு பட்டியலாக மனப்பாடம் செய்து, தேர்வு எழுதிவிட்டு மறந்துவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பட்டியலில் உள்ள பல விதிகளுக்குப் பின்னால் யாரோ ஒருவர் இழந்த பணம் இருக்கிறது. அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரே ஆண்டு, மூன்று கணக்கு

வரலாற்றுக்குள் போவதற்கு முன், விதி எதற்கு என்பதை ஓர் எடுத்துக்காட்டால் பார்த்துவிடலாம். கடம்பத்தூர் பக்கம் ஒரு லேத் பட்டறை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓர் ஆண்டில் அது 30 லட்சம் ரூபாய்க்கு வேலை முடித்துக் கொடுத்து, பணத்தையும் வாங்கிவிட்டது. அதற்கான மூலப்பொருள், கூலி, மின்சாரம் எல்லாம் சேர்ந்து 26 லட்சம் செலவு. மார்ச் மாதக் கடைசியில் ஒரு வாடிக்கையாளர் மே மாதம் செய்து தரவேண்டிய வேலைக்காக 3 லட்சம் முன்பணம் கொடுத்திருக்கிறார். ஆண்டின் தொடக்கத்தில் 10 லட்சத்துக்கு ஒரு புதிய இயந்திரம் வாங்கியாயிற்று, அது 10 ஆண்டு உழைக்கும். போன ஆண்டு 2 லட்சத்துக்கு வாங்கிய சரக்கு கொஞ்சம் மூலையில் கிடக்கிறது, இன்றைக்கு விற்றால் 1.4 லட்சம்தான் கிடைக்கும்.

இந்த ஆண்டு லாபம் எவ்வளவு?

வங்கியில் கடன் கேட்கப் போகும் முதலாளி, முன்பணத்தையும் வருமானத்தில் சேர்த்து 33 லட்சம் வரவு, 26 லட்சம் செலவு, ஆகவே லாபம் 7 லட்சம் என்பார். இயந்திரமும் பழைய சரக்கும் சொத்துதானே, அவற்றை ஏன் தொட வேண்டும் என்பார். அதே முதலாளி வரி கட்ட மனமில்லாத நேரத்தில், கையை விட்டுப் போன பணம் எல்லாம் செலவுதானே என்று இயந்திரத்தின் 10 லட்சத்தையும் கழித்து 3 லட்சம் நட்டம் என்பார்.

கணக்கியல் கொள்கைகள் இரண்டையும் ஏற்பதில்லை. முன்பணம் இன்னும் உழைத்துச் சம்பாதிக்காத பணம், ஆகவே அது வருமானம் அல்ல, திருப்பிக் கொடுக்கவேண்டிய பொறுப்பு. இயந்திரம் 10 ஆண்டு உழைக்கும் என்பதால் ஆண்டுக்கு 1 லட்சம் தேய்மானம். பழைய சரக்கை அடக்கவிலை, விற்றால் கிடைக்கும் விலை ஆகிய இரண்டில் எது குறைவோ அந்த விலைக்கே காட்ட வேண்டும், ஆகவே 60,000 ரூபாய் நட்டம். 30 லட்சத்தில் இருந்து 26 லட்சம், 1 லட்சம், 60,000 ஆகியவற்றைக் கழித்தால் லாபம் 2.4 லட்சம்.

7 லட்சம் லாபம், 3 லட்சம் நட்டம், 2.4 லட்சம் லாபம். மூன்றிலும் கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. எது சரி என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்ட விதி இல்லாவிட்டால், மூன்றையுமே 'எங்கள் வழக்கம்' என்று சொல்லிவிடலாம். விதி இல்லாத இடத்தில் பொய்க்கும் கருத்துக்கும் வேறுபாடு கிடையாது. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் பின்வரும் வரலாறு எளிதில் விளங்கும்.

கல்வெட்டில் ஒரு தணிக்கை விதி

கணக்கு எழுதுவது தமிழகத்துக்கு மேல்நாட்டில் இருந்து வந்த பழக்கம் அல்ல. கடம்பத்தூரில் இருந்து அதே ரயில் பாதையில் சில நிலையங்கள் தள்ளி இருக்கும் திருவாலங்காட்டில் 1905இல் கிடைத்த செப்பேடுகள், ராஜேந்திர சோழன் பழையனூர் என்ற ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு அளித்ததைப் பதிவு செய்கின்றன. சோழர் ஆவணங்களில் ஊரும் எல்லையும் வரியும் அவ்வளவு விவரமாக எழுதப்பட்டிருக்கும். வரிப்பொத்தகம் என்று பெயர் சொல்லும் அளவுக்குக் கணக்குப் பதிவு அன்றைய ஆட்சியில் இடம் பிடித்திருந்தது.

இதைவிட முக்கியமானவை உத்திரமேரூர்க் கல்வெட்டுகள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் பொறிக்கப்பட்டவை. குடவோலைத் தேர்தலுக்காக இவற்றைப் பலரும் அறிவர். கணக்கு பற்றி இவை சொல்வது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஏதாவது ஒரு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவரும், அவருடைய நெருங்கிய உறவினர்களும் மீண்டும் தேர்தலில் நிற்கக் கூடாது. ஊர்க் கணக்கு எழுதுபவர் நேர்மையாகச் சம்பாதித்தவராக இருக்க வேண்டும். அவர் தன் காலத்துக் கணக்கைப் பெருங்குறி மக்களிடம் ஒப்படைத்து, அவர் சுத்தமானவர் என்று அவர்கள் ஏற்ற பிறகே அவரை மறுபடியும் அந்தப் பணிக்கு வைக்கலாம். ஒருவர் எழுதிய கணக்கை அவரே வந்து காட்ட வேண்டும், வேறொரு கணக்கரைக் கொண்டு முடித்துவிடக் கூடாது.

இதில் இரண்டு கருத்துகள் உள்ளன. கணக்கை எழுதியவன் அதைப் பிறரிடம் காட்ட வேண்டும். காட்டியதைச் சரியா என்று வேறொருவர் பார்க்க வேண்டும். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர் கல்லில் வெட்டி வைத்த இந்த இரண்டையும், பின்னாளில் பெரிய வணிக உலகம் அடிபட்டு அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டது.

இரட்டைப் பதிவும் கூட்டுப் பங்கு நிறுவனமும்

1494இல் வெனிஸ் நகரில் லூகா பாச்சோலி என்ற பாதிரியார் வெளியிட்ட கணித நூலில், வெனிஸ் வணிகர்கள் பின்பற்றிய இரட்டைப் பதிவு முறை விளக்கப்பட்டது. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் ஒரு பற்று, ஒரு வரவு. இன்றைய கணினி மென்பொருள் வரை அடிப்படை இதுதான். நாட்டுக்கோட்டை நகரத்தாரும் பேரேடும் ஐந்தொகையும் வைத்துக் கடல் கடந்து பர்மா, மலாயா வரை வட்டித்தொழில் நடத்தினர்.

ஆனால் இவை எல்லாம் முதலாளி தன் தொழிலைத் தானே அறிந்துகொள்ள எழுதிய கணக்குகள். கூட்டுப் பங்கு நிறுவனங்கள் வந்தபோது நிலைமை மாறியது. பணம் போட்டவர் ஒருவர், தொழில் நடத்துபவர் வேறொருவர். கணக்கு எழுதுபவர் உள்ளே இருக்கிறார், அதை நம்பவேண்டியவர் வெளியே இருக்கிறார். இந்த இடைவெளியில்தான் விபத்துகள் நடந்தன.

முதல் பாடம்: காட்டாத கணக்கு (1906)

அந்நாளைய மதராஸில் வெள்ளைக்கார வணிக நிறுவனங்களில் பாரி, பின்னி, அர்பத்நாட் ஆகிய மூன்றும் முன்னணியில் இருந்தன. இவற்றில் அர்பத்நாட் அண்ட் கோ பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்கி வங்கித் தொழிலும் செய்தது. அரசு ஊழியர்கள், ஓய்வூதியக்காரர்கள், விதவைகள், மிராசுதாரர்கள் என்று பலரும் அங்கே பணம் போட்டிருந்தனர். அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் நகரின் மிகப் பெரிய மனிதர்களில் ஒருவர். அவர் பெயரே அன்று உத்தரவாதம்.

1906 அக்டோபர் 20 அன்று, லண்டனில் அர்பத்நாட்டுடன் இணைந்து தொழில் செய்துவந்த நிறுவனத்தின் பேட்ரிக் மக்ஃபேடியன் தற்கொலை செய்துகொண்டார். இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 22 அன்று, மதராஸில் அர்பத்நாட் அண்ட் கோ திவாலானது. வைப்புத்தொகைப் பணம் வெளிநாட்டுச் சூதாட்ட முதலீடுகளில் போயிருந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சேமிப்பை இழந்தன. சர் ஜார்ஜ் மீது வழக்கு நடந்து, 18 மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. சர் பட்டம் பெற்ற ஒரு வெள்ளைக்கார வணிகர் மதராஸில் சிறைக்குப் போனது அன்று பெரும் பரபரப்பு.

இதில் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. அர்பத்நாட் அண்ட் கோ ஒரு கூட்டாண்மை, பதிவு செய்த கம்பெனி அல்ல. ஆகவே அது தன் இருப்புநிலைக் குறிப்பைப் பொதுமக்களுக்கு வெளியிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாசலில் வரிசையில் நின்று பணம் கட்டியவர் யாரும், அந்தப் பணம் எங்கே போகிறது என்று ஒரு தாளில்கூடப் பார்த்ததில்லை. அவர்கள் பார்த்ததெல்லாம் கட்டடத்தையும் பெயரையும் மட்டுமே.

பணம் இழந்தவர்களுக்காக வாதாடியவர்களில் முக்கியமானவர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர். அவரது முயற்சியாலும் நகரத்தார் பலரின் துணையாலும் 1907 மார்ச்சில் இந்தியன் வங்கி பதிவு செய்யப்பட்டு, அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று செயல்படத் தொடங்கியது. இன்று கடைத்தெருவெங்கும் கிளை வைத்திருக்கும் அந்த வங்கி, ஒரு திவாலின் சாம்பலில் இருந்து பிறந்தது. அது கூட்டாண்மையாக அல்லாமல் பங்குதாரர்கள் கொண்ட கம்பெனியாகத் தொடங்கியது என்பது குறிப்பிடத்தக்கது.

1913இல் இந்தியக் கம்பெனிகள் சட்டம் வந்தது. ஆண்டுதோறும் தணிக்கை செய்வது கம்பெனிகளுக்குக் கட்டாயமானது. தணிக்கையாளர் அரசின் சான்று பெற்றவராக இருக்க வேண்டும் என்றும் விதி வந்தது. 1918இல் பம்பாயில் அரசு கணக்கியல் பட்டயப் படிப்பு தொடங்கியது. 1932இல் தணிக்கையாளர் சான்றிதழ் விதிகள் வந்து, அகில இந்திய அளவில் கணக்காளர் பதிவேடு உருவானது. 'கணக்கைக் காட்டு' என்ற முதல் பாடம் இவ்வாறு சட்டமானது.

சிறை சென்ற கணக்காளர்

இந்தப் பதிவேட்டின் வரலாற்றில் ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு இடம் உண்டு. 1907இல் பிறந்த ஆர். சிவபோகம், சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டு வேலூர்ச் சிறையில் ஓராண்டு இருந்தவர். 1933இல் அவர் அரசு கணக்கியல் பட்டயத் தேர்வில் தேறினார். இந்தியாவில் அத்தேர்வில் தேறிய முதல் பெண் அவர்தான். ஆனால் சிறை சென்றவர்கள் கணக்காளராகப் பதிவு செய்ய முடியாது என்று விதி குறுக்கே வந்தது. சிவபோகம் வழக்குப் போட்டு, வென்று, தொழில் நடத்தினார். பின்னாளில் 1955 முதல் 1958 வரை பட்டயக் கணக்காளர் கழகத்தின் தென்னிந்தியக் கிளைக்குத் தலைவராகவும் இருந்தார்.

நேர்மையானவரை மட்டும் உள்ளே விடத்தான் அந்த விதி எழுதப்பட்டது. ஆனால் நாட்டுக்காகச் சிறை சென்றவரையும் ஏமாற்றிச் சிறை சென்றவரையும் அது ஒரே தட்டில் வைத்தது. எழுத்தை மட்டும் பார்த்து நோக்கத்தைப் பார்க்காத விதி எங்கே கொண்டு விடும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. 'வடிவத்தைவிட உள்ளடக்கமே முக்கியம்' என்று பின்னாளில் கணக்கியலிலும் ஒரு கொள்கை வந்தது.

இரண்டாம் பாடம்: எப்படிக் காட்டுவது? (1929 - 1939)

கணக்கைக் காட்டச் சொன்னால் மட்டும் போதுமா? போதாது என்பதை லண்டனில் நடந்த ஒரு வழக்கு நிரூபித்தது. ராயல் மெயில் என்ற பெரிய கப்பல் நிறுவனம் 1920களில் தொழிலில் நட்டப்பட்டுக்கொண்டிருந்தது. ஆனால் முதல் உலகப்போர்க் காலத்தில் ஒதுக்கி வைத்திருந்த மறைமுகக் காப்புநிதியை எடுத்து வருமானத்தில் சேர்த்து லாபம் காட்டி, பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகையும் கொடுத்துவந்தது. 1931இல் அதன் தலைவர் கைல்சன்ட் பிரபுவும் தணிக்கையாளர் ஒருவரும் கூண்டில் ஏறினர்.

கணக்கைப் பற்றிய குற்றச்சாட்டில் இருவருமே விடுதலை ஆனார்கள்! காரணம், மறைமுகக் காப்புநிதியை இப்படிப் பயன்படுத்துவது அன்றைய வழக்கத்தில் ஏற்கப்பட்ட ஒன்று என்று பெயர் பெற்ற கணக்காளர்களே சாட்சி சொன்னார்கள். முதலீட்டாளர்களை அழைக்க 1928இல் வெளியிட்ட ஓர் அறிக்கை தவறானது என்பதற்காக மட்டும் கைல்சன்ட்டுக்கு ஓராண்டு சிறை கிடைத்தது. மேலே சொன்ன லேத் பட்டறைக் கதைதான் இதுவும். விதி இல்லை, ஆகவே பொய் என்று சொல்ல முடியவில்லை.

அட்லாண்டிக்கின் மறுகரையில் 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்தது. கோடிக்கணக்கானவர்கள் வேலையும் சேமிப்பும் இழந்த பெருமந்தம் தொடர்ந்தது. அப்போது அமெரிக்க நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தனக்குப் பிடித்த முறையில் கணக்குக் காட்டி வந்தன. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கணக்காளர் கழகமும் நியூயார்க் பங்குச்சந்தையும் கடிதங்கள் வழியாக விவாதித்து, எல்லோரும் ஏற்கும் சில கொள்கைகள் வேண்டும் என்ற முடிவுக்கு வந்தன. அந்தக் கழகத்தின் சார்பில் இதை முன்னின்று நடத்தியவர் ஜார்ஜ் ஓ. மே. 1934இல் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அமெரிக்க ஆணையம் பிறந்தது. போதிய அதிகாரபூர்வ ஆதரவு இல்லாத கணக்கியல் முறையில் தயாரித்த அறிக்கை தவறாக வழிநடத்துவதாகவே கருதப்படும் என்று அந்த ஆணையம் 1938இல் அறிவித்தது.

கொள்கைகளை எழுதும் பொறுப்பு 1939 முதல் ஒரு குழுவிடம், 1959 முதல் ஒரு வாரியத்திடம், 1973 முதல் நிதிக் கணக்கியல் தர வாரியத்திடம் என்று கை மாறியது. 'பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட' என்ற அடைமொழியில் 'பொதுவாக' என்பது சும்மா வந்த சொல் அல்ல. இந்தக் கொள்கைகள் இயற்கை விதிகள் அல்ல. தொழில் செய்பவர்கள் கூடிப் பேசி ஒப்புக்கொண்டவை, காலம் மாறும்போது மாற்றப்படுபவை.

இந்தியாவின் கணக்கியல் தரநிலைகள்

சுதந்திர இந்தியாவில் 1949 ஜூலை 1 அன்று இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் தொடங்கியது. முதல் தலைவர் ஜி.பி. கபாடியா. 1956இன் கம்பெனிகள் சட்டம், கணக்கு நிறுவனத்தின் நிலையை 'உண்மையாகவும் நியாயமாகவும்' காட்ட வேண்டும் என்றது. ஆனால் எது நியாயம் என்ற பட்டியல் அப்போதும் வரவில்லை.

1973இல் லண்டனில் சர்வதேச கணக்கியல் தரக் குழு அமைந்தது. இந்தியக் கழகம் 1977 ஏப்ரல் 21 அன்று தன் கணக்கியல் தர வாரியத்தை அமைத்தது. 1979 நவம்பரில் முதல் தரநிலை வெளிவந்தது. அது நீளமான ஆவணம் அல்ல. ஆனால் இந்தியக் கணக்கியலின் அடித்தளம் அதில் இருக்கிறது.

அது சொல்லும் அடிப்படை அனுமானங்கள் மூன்று.

1. நிறுவனத் தொடர்ச்சி: நிறுவனம் தொடர்ந்து நடக்கும் என்ற எண்ணத்தில் கணக்கு எழுதப்படுகிறது.
2. நிலைத்தன்மை: இந்த ஆண்டு ஒரு முறை, அடுத்த ஆண்டு வேறு முறை என்று மாற்றக் கூடாது.
3. நிகழ்வு அடிப்படை: பணம் கை மாறிய நாளில் அல்ல, சம்பாதித்த நாளில் வருமானம், பொறுப்பு ஏற்பட்ட நாளில் செலவு.

இவற்றைப் பின்பற்றினால் தனியாகச் சொல்லத் தேவையில்லை. பின்பற்றாவிட்டால் சொல்லியே ஆக வேண்டும். இவற்றுடன் கணக்கியல் முறையைத் தேர்ந்தெடுக்கும்போது முன்னெச்சரிக்கை, வடிவத்தைவிட உள்ளடக்கம், முக்கியத்துவம் ஆகிய மூன்றையும் கருத வேண்டும் என்றும் அது சொல்கிறது.

நிறுவனத் தொடர்ச்சி என்பதன் பொருள் கடம்பத்தூர் போன்ற ஊரில் கண்கூடாகத் தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் கார் ஆலையில் ஒரு பெரிய அச்சு இயந்திரத்துக்கு ஒரு மதிப்பு. ஆலை மூடப்பட்டால் அதே இயந்திரம் எடைக்குப் போகும் இரும்பு. அம்பாசடர் கார் செய்துவந்த இந்துஸ்தான் மோட்டார்சின் உத்தரபாரா ஆலையில் 2014 மே 24 அன்று வேலை நிறுத்தி வைக்கப்பட்டது. ஆனால் அதிகத்தூர் ஆலை கை மாறித் தொடர்ந்து ஓடியது. ஆகவேதான், ஒரு நிறுவனம் தொடர்ந்து நடக்குமா என்பதில் ஐயம் இருந்தால் அதை வெளிப்படையாக எழுத வேண்டும் என்று விதி சொல்கிறது. கடனுக்குச் சரக்கு அனுப்பும் பட்டறைக்காரருக்கு அந்த ஒரு வரி மற்ற எல்லா எண்களையும்விட முக்கியம்.

முதலில் பரிந்துரையாக மட்டும் இருந்த தரநிலைகள் படிப்படியாகக் கட்டாயமாயின. முதல் தரநிலை 1991 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். சொந்தக்கார நிறுவனங்களுக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கலை வெளியிடுதல், துணை நிறுவனங்களின் கணக்கை ஒன்றாகச் சேர்த்துக் காட்டுதல் போன்றவை 2001 முதல் வந்தன. 2006 டிசம்பரில் மத்திய அரசே இவற்றைக் கம்பெனிகள் சட்டத்தின் கீழ் விதிகளாக அறிவித்தது. 'எப்படிக் காட்டுவது' என்ற இரண்டாம் பாடம் சட்டமானது அப்போதுதான்.

மூன்றாம் பாடம்: யார் பார்ப்பது? (2009)

எல்லா விதியும் வந்துவிட்டது, இனி யாரும் ஏமாற்ற முடியாது என்று நினைத்த நேரத்தில் ஹைதராபாத்தில் இடி விழுந்தது. சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் அன்று இந்தியாவின் முன்னணி மென்பொருள் நிறுவனங்களில் ஒன்று. நியூயார்க் பங்குச்சந்தையிலும் இடம் பெற்றது. இந்திய முறைப்படியும் அமெரிக்க முறைப்படியும் கணக்குக் காட்டி வந்தது. நல்ல நிர்வாகத்துக்காக விருதும் வாங்கியது.

2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு தன் இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதத்தில் உண்மையை ஒப்புக்கொண்டார். கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் கிடையவே கிடையாது. அந்த இல்லாத பணத்துக்கு வந்ததாகக் காட்டிய வட்டி 376 கோடி. காட்டாமல் விட்ட கடன் 1,230 கோடி. கூட்டிக் காட்டிய வரவேண்டிய பாக்கி 490 கோடி. 2015 ஏப்ரலில் சிறப்பு நீதிமன்றம் ராஜு உட்பட 10 பேருக்கு 7 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

இங்கே விதியில் குறை இல்லை. வங்கி இருப்பு என்றால் வங்கியில் இருக்கும் பணம், அதில் இரண்டு கருத்துக்கு இடமே இல்லை. ராயல் மெயில் வழக்கில் கணக்கு தொடர்பான குற்றச்சாட்டு நிற்காததற்கும் சத்யம் வழக்கில் குற்றம் நிரூபணம் ஆனதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். விதி பொய்யைத் தடுக்கவில்லை. ஆனால் பொய்யைப் பொய் என்று பெயர் சொல்லி அழைக்க வைத்தது.

குறை இருந்தது பார்ப்பவரிடத்தில். ஆகவே 2013இன் புதிய கம்பெனிகள் சட்டம், பங்குச்சந்தையில் உள்ள நிறுவனங்களும் வேறு சில வகை நிறுவனங்களும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை தணிக்கையாளரை மாற்ற வேண்டும் என்றது. அச்சட்டத்தின்படி 2018 அக்டோபர் 1 அன்று தேசிய நிதி அறிக்கை ஆணையம் அமைந்தது. தணிக்கையாளர்களைத் தணிக்கை செய்யும் அமைப்பு என்று இதைச் சுருக்கமாகச் சொல்லலாம்.

இன்றைய நிலை

இப்போது இந்தியாவில் இரண்டு வரிசை விதிகள் நடைமுறையில் உள்ளன. சர்வதேசத் தரத்தைத் தழுவிய 'இண்ட் ஏஎஸ்' தரநிலைகள் 2015 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டன. 500 கோடி ரூபாயும் அதற்கு மேலும் நிகர மதிப்புள்ள நிறுவனங்களுக்கு இவை 2016 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். 250 கோடியில் இருந்து உள்ளவற்றுக்கும், பங்குச்சந்தையில் உள்ள மற்ற நிறுவனங்களுக்கும் 2017 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். வணிக வங்கிகளுக்கு மட்டும் ரிசர்வ் வங்கி 2019 மார்ச்சில் இதை மறு அறிவிப்பு வரும்வரை தள்ளி வைத்தது. ஒரு வங்கித் தொழில் விபத்தில் தொடங்கிய மதராஸ் கதைக்கு இது வேடிக்கையான பின்குறிப்பு.

சிறிய நிறுவனங்களுக்குப் பழைய தரநிலைகளே, அதிலும் சில சலுகைகளுடன். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள், எந்தப் பதிவு எப்போது மாற்றப்பட்டது என்ற தடத்தை அழிக்க முடியாமல் பதிந்து வைக்க வேண்டும். எழுதியவரே வந்து காட்ட வேண்டும் என்ற உத்திரமேரூர் விதியின் கணினி வடிவம் என்று இதைக் கருதலாம்.

முடிவுரை

இந்த வரலாறு மூன்று கேள்விகளில் அடங்கிவிடும். கணக்கைக் காட்டினாயா? ஒப்புக்கொண்ட முறையில் காட்டினாயா? காட்டியதை வேறொருவர் உண்மையாகப் பார்த்தாரா? அர்பத்நாட்டில் முதல் கேள்விக்கே விடை இல்லை. ராயல் மெயிலில் இரண்டாவது கேள்விக்கு விடை இல்லை. சத்யத்தில் மூன்றாவதுக்கு இல்லை. ஒவ்வொரு முறையும் விலை கொடுத்தவர் உள்ளே இருந்தவர் அல்ல, வெளியே நின்று நம்பியவர்.

கடம்பத்தூர், கும்மிடிப்பூண்டி வட்டாரங்களில் பெரிய ஆலைகளை நம்பிச் சிறு பட்டறைகள் பல நடக்கின்றன. அவற்றுக்கு இந்தக் கொள்கைகள் இரண்டு விதத்தில் பயன்படும். தன் கணக்கை ஒழுங்காக வைத்தால் வங்கி நம்பும். எதிராளியின் கணக்கைப் படிக்கத் தெரிந்தால், 90 நாள் கடனுக்குச் சரக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று தானே முடிவு செய்யலாம். 1906இல் அர்பத்நாட் வாசலில் நின்ற ஓய்வூதியக்காரருக்குப் படிக்க ஒரு தாள்கூட இல்லை. இன்று பங்குச்சந்தையில் உள்ள நிறுவனங்களின் ஆண்டறிக்கை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் எண்களுக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் குறிப்புகளையும் தணிக்கையாளரின் அறிக்கையையும் முதலில் படிப்பது நல்லது. பலர் பணம் இழந்து எழுதி வாங்கிய பக்கங்கள் அவை.